காட்டுச் சாலையில் ஓடைக் குழாயை மாற்றுவது எப்படி: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுச் சாலைகளில் ஓடை குறுக்கிடும் பல இடங்களில், 600 அல்லது 900 மி.மீ. விட்டமுள்ள ஹியூம் குழாய் (வட்டமான கான்கிரீட் குழாய்) ஒன்றையோ இரண்டையோ பதித்து, அதன்மேல் மண் நிரப்பிச் சாலை போட்டிருப்பார்கள். அது உடைந்தாலோ அடைத்துக்கொண்டாலோ அதே அளவில் புதுக் குழாயை இறக்கிவிட்டு வருவதுதான் வழக்கம். பழைய குழாய் தோற்றுப்போன இடத்தில் அதே அளவுக் குழாயும் தோற்கும் என்பதால், பழைய குழாயை விட்டுவிட்டு ஓடையை அளந்து அதற்கேற்ற திறப்பை அமைக்கும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. வனத்துறை, ஊரக வளர்ச்சித் துறை, தேயிலைத் தோட்டங்கள் ஆகியவற்றில் இந்த வேலைக்குப் புதிதாக வரும் பொறியாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது இது. கணக்குகளுக்கு 1.5 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புப் பரப்பும் 2.2 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஓடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

பழைய குழாயைப் பார்வையிடுதல்

குழாய் எப்படிப் பழுதானது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மதிப்பீடு தயாரிக்க உட்காரக் கூடாது. முதலில் சாலைக்கு மேற்புறம் இறங்கிப் பாருங்கள். குழாய் வாய்க்கு முன்னால் மணலும் சரளையும் மேடிட்டிருந்தால், வெள்ளக் காலத்தில் குழாய் போதாமல் நீர் தேங்கி, வேகம் இழந்து, சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிட்டது என்று பொருள். அடுத்துக் கீழ்ப்புறம் இறங்குங்கள். குறுகிய குழாயில் நெருக்குண்ட நீர் வேகம் கூடி வெளிவருவதால் அங்கே ஆழமான குட்டை விழுந்திருக்கும். குழாயின் வெளிவாய் படுகைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு சாண் உயரத் தொங்கலே அயிரை போன்ற சிறு மீன்களுக்குச் சுவர்தான். கோடையில் கீழே இறங்கிய மீன் மழைக்காலத்தில் மேலேறிச் சேர முடியாமல் போவது இப்படித்தான்.

மூன்றாவதாகச் சாலையைப் பாருங்கள். பெரும்பாலானோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். குழாய் அடைத்துக்கொண்டால் ஓடை எங்கே போகும்? சாலையின் மிகத் தாழ்ந்த இடம் குழாய்க்கு நேர்மேலே இருந்தால், நீர் சாலையைக் கடந்து மறுபக்கம் தன் ஓடையிலேயே விழும். சேதம் அந்த இடத்தோடு நிற்கும். சாலை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கினாலோ, ஓடை முழுவதும் சாலையோர வாய்க்காலில் திரும்பி, அரை கிலோமீட்டர் தாண்டி எங்கோ ஒரு வளைவில் சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும். குழாய் உடைந்ததால் வந்த நட்டத்தைவிட இப்படித் திசைமாறிய நீரால் வரும் மண்சரிவின் நட்டம் பல மடங்கு. எனவே நீர் திசைமாற வாய்ப்புள்ளதா என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவையுங்கள்.

ஓடையை அளத்தல்

வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. இதற்கு வேண்டிய கருவிகள் அளவு நாடா, லெவல் கருவி (உயர வேறுபாட்டை அளப்பது), அளவுகோல், குறிப்பேடு ஆகியவையே. ஓடையில் இறங்க ஒரு நல்ல காலணியும் வேண்டும்.

கரை நிரம்பி ஓடும்போது ஓடைக்கு இருக்கும் அகலமே அடிப்படை அளவு. பாலத்துக்கு, அதாவது ஓடை சாலையைக் கடக்கும் இடத்துக்கு, அருகில் இதை எடுக்கக் கூடாது, ஏனெனில் அங்கே ஓடையின் வடிவத்தைப் பழைய குழாய் கெடுத்து வைத்திருக்கும். ஓடை அகலத்தைப்போல் குறைந்தது பத்து மடங்கு தூரம் மேலே நடந்து, குழாயின் பாதிப்பு எட்டாத இயல்பான பகுதியில் அளக்க வேண்டும். கரை நிரம்பும் மட்டத்தை அடையாளம் காண, செங்குத்தான கரை சட்டென்று தட்டையாகும் இடம், நிலைத்த செடிகளும் வேர்களும் தொடங்கும் கோடு, மணல் திட்டின் உச்சி ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றை மட்டும் நம்பாமல், இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மட்டத்தைத் தேடுங்கள். பாறை நெருக்கும் இடம், மரம் விழுந்து அகன்ற இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, ஏழெட்டு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். நம் உதாரண ஓடையின் 2.2 மீட்டர் இப்படிக் கிடைத்த அளவாகும்.

அடுத்தது நீள்வாட்டு மட்டம். பாலத்துக்கு மேலும் கீழும் ஓடையின் அகலத்தைப்போல் இருபது முப்பது மடங்கு தூரத்துக்கு, படுகையின் மிகத் தாழ்ந்த கோட்டைத் தொடர்ந்து லெவல் எடுத்துத் தாளில் வரையுங்கள். மேலே படிந்த மணல் மேடும் கீழே விழுந்த குட்டையும் அந்தக் கோட்டில் தெளிவாகத் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டு, மேலும் கீழும் உள்ள இயல்பான படுகைகளை இணைத்து ஒரு கோடு இழுத்தால், பாலத்தின் அடியில் படுகை இருக்க வேண்டிய மட்டமும் சரிவும் கிடைக்கும். கீழே உள்ள படுகை மேலே உள்ளதைவிட வெகுவாகத் தாழ்ந்து, இரண்டும் ஒரே கோட்டில் சேரவில்லை என்றால் எச்சரிக்கை தேவை: ஓடை கீழிருந்து ஆழமாகிக்கொண்டே வந்திருக்கிறது, பழைய குழாய்தான் அந்த அரிப்பு மேலேறாமல் பிடித்துவைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் குழாயை எடுத்துவிட்டால் அரிப்பு படிப்படியாக மேல்நோக்கி நகர்ந்து, சோலைக்குள் இருக்கும் சதுப்பைக்கூட வடித்துவிடும். அங்கே கல்வரிசைகளால் படுகையைப் படிபடியாகப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அதற்கு அனுபவமுள்ள ஒருவரை அழைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது அளவு படுகையின் கல். இயல்பான பகுதியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஒவ்வோர் அடிவைப்பிலும் விரல் தொடும் முதல் கல்லை எடுத்து அதன் நடு அகலத்தை (மிக நீண்டதும் அல்லாத, மிகக் குறுகியதும் அல்லாத இடை அளவை) அளந்து, 100 கற்களுக்குப் பட்டியல் இடுங்கள். நடுத்தரக் கல் எவ்வளவு, பெரிய கற்கள் எவ்வளவு என்பது இதில் தெரியும். பிறகு பாலத்தின் அடியில் படுகை அமைக்கும்போது இந்தப் பட்டியலைத்தான் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கப் போகிறீர்கள்.

திறப்பின் அகலத்தை முடிவுசெய்தல்

பாலத்தின் அடியில் ஓடை தன் இயல்பான அகலம், சரிவு, கற்கள் ஆகியவற்றோடு தொடர்ந்து செல்ல வேண்டும் என்னும் கொள்கையை அமெரிக்க வனத்துறை விரிவாக வளர்த்தெடுத்தது. வாஷிங்டன் மாநிலத்தில் இதற்குப் பயன்படும் எளிய சூத்திரம்: கரை நிரம்பிய அகலத்தை 1.2ஆல் பெருக்கி, அதனுடன் 2 அடி, அதாவது ஏறத்தாழ 0.6 மீட்டர், கூட்ட வேண்டும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெர்மான்ட் மாநிலத்தின் கிரீன் மவுண்டன் தேசியக் காட்டில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தபோது, வழக்கமான குழாய்ப் பாலங்கள் பலவும் அடித்துச் செல்லப்பட, இம்முறையில் அமைத்த பாலங்கள் சேதமின்றி நின்றன. மீனுக்காக உருவான முறை வெள்ளத்துக்கும் உதவியது என்பதால் சாலைப் பொறியாளர்களும் அதைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள்.

நம் ஓடைக்கு 2.2 × 1.2 = 2.64, அதனுடன் 0.6 சேர்த்தால் 3.24 மீட்டர். கட்டுவதற்கு வசதியாக 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சாலைப் பேரவையின் வரையறைப்படி 6 மீட்டர் வரை சிறுபாலமே, ஆகவே இது பெரிய பாலங்களுக்குரிய நடைமுறைகளுக்குள் போகாது.

இந்த அகலம் வெள்ளத்தையும் தாங்குமா என்று சரிபார்ப்பது அடுத்த வேலை. தமிழகத்தில் பழகிய ரைவ்ஸ் சூத்திரப்படி, வெள்ள அளவு என்பது நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்கக் கிடைப்பது. மலையை ஒட்டிய பகுதிகளுக்குக் கெழு 10.2. நம் 1.5 சதுர கி.மீ. பரப்புக்கு வினாடிக்குச் சுமார் 13.4 கன மீட்டர் வருகிறது. இப்போது 900 மி.மீ. குழாயை நினைத்துப் பாருங்கள். அதன் வாய்ப் பரப்பு 0.64 சதுர மீட்டர். நீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாய்ந்தாலும் 1.9 கன மீட்டர்தான் போகும், அதாவது வரும் வெள்ளத்தில் ஏழில் ஒரு பங்கு. 3.5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள திறப்பிலோ, உயரத்தில் 80 சதவீதம் வரை மட்டும் நீர் ஏறினாலும், 2.5 மீட்டர் வேகத்தில் 14 கன மீட்டர் போய்விடும். மீதமுள்ள 40 செ.மீ. இடைவெளி மிதந்து வரும் மரக்கிளைகளுக்கு. பழைய மழைக் கணக்குகளை வைத்துக்கொண்டு இந்த இடைவெளியைக் குறைக்கச் சொல்வோர் இருப்பார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ., 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் என்று நீலகிரியில் பெய்த மழையை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஒரே பெரிய திறப்புக்குப் பதிலாகச் சிறு குழாய்கள் மூன்று நான்கை வரிசையாகப் பதிக்கும் யோசனை அடிக்கடி முன்வைக்கப்படும், ஏனென்றால் குழாய் கையிருப்பில் இருக்கும். கணக்கில் பரப்பு சரியாக வரும், ஆனால் இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள சுவரில் முதல் மரம் குறுக்கே சிக்கியதும் அந்தக் கணக்கு முடிந்துவிடும். என் கருத்தில், படுகையில் நிரந்தரமாக நீர் ஓடும் எந்த ஓடைக்கும் குழாய் வரிசை ஏற்றதல்ல. அடித்தளம் மூடாமல், இரு கரையிலும் தாங்குசுவர் எழுப்பி மேலே கான்கிரீட் தளம் போடும் சிலாப் பாலமே மலை ஓடைக்கு முதல் தேர்வு. பாறை கிடைக்காத இளக்கமான மண்ணில், அடியும் மேலும் பக்கங்களும் கான்கிரீட்டால் ஆன பெட்டிப் பாலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் அடித்தளத்தைப் படுகைக்குக் கீழே, பெட்டியின் உயரத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு ஆழத்தில் புதைத்து, உள்ளே கல் நிரப்ப வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் ஈரமாகும் சிறு பள்ளங்களுக்குக் குழாய் போதும், அதுவும் ஆள் குனிந்து உள்ளே போய்த் துப்புரவு செய்யும்படி 1 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

அனுமதியும் பருவமும்

சரணாலய எல்லைக்குள் வேலை நடந்தால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 29ஆம் பிரிவைப் படித்துவிடுங்கள். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் வரும் அல்லது வெளியேறும் நீரோட்டத்தைத் திருப்பவோ, நிறுத்தவோ, கூட்டவோ கூடாது என்கிறது அது. சாலையை அகலப்படுத்திக் காட்டு நிலத்தைப் புதிதாக எடுப்பதானால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசின் முன் ஒப்புதலும் வேண்டும். நீலகிரியில் மண் அள்ளும் பெரிய இயந்திரங்களைக் கொண்டுவர மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும். இவற்றுக்கு மாதங்கள் ஆகும் என்பதால், அளவெடுத்த கையோடு விண்ணப்பித்துவிட்டு வடிவமைப்பைத் தொடர்வதே நடைமுறையில் உகந்தது.

கூடலூர், வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் ஓங்கியிருக்கும். இரண்டுக்கும் பொதுவாக, ஓடை மெலிந்திருக்கும் சனவரி கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான காலம்தான் வேலைக்கு ஏற்றது. அதற்குப் பிறகு மாலையில் இடியோடு வரும் கோடை மழை பாதி கட்டிய சுவரைச் சோதித்துப் பார்க்கும். அதே மாதங்கள் காட்டுத்தீக் காலமும் ஆகும். சமையல் அடுப்பு, பீடி, கம்பி வெட்டும் பொறி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே விதி வகுத்துவிடுங்கள். யானை நடமாடும் இடத்தில் காலை வெயில் ஏறிய பின் தொடங்கி, மாலை வெளிச்சம் இருக்கும்போதே முடித்து ஆட்களை வெளியே அனுப்ப வேண்டும். உள்ளூர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரைத் தினமும் கூட வைத்துக்கொள்வது எந்தத் தொழில்நுட்ப அறிவுரையையும்விடப் பயன்படும்.

நீரைத் திருப்புதல்

இயந்திரம் இறங்குவதற்கு முன் வேலையிடத்தில் உள்ள உயிர்களை அகற்ற வேண்டும். மேலும் கீழும் சிறுகண் வலையைக் குறுக்கே கட்டி, நடுவில் உள்ள மீன், தவளைக் குஞ்சு, நண்டு ஆகியவற்றைக் கைவலையால் வாரி ஓடை நீர் நிரப்பிய வாளியில் எடுத்து, உடனே கீழ்ப்புறத்தில் விடுங்கள். வெயிலில் வாளி சூடேறினால் மலை ஓடை மீன் தாங்காது. இந்த வேலையும் வனத்துறையின் ஒப்புதலோடு, அவர்கள் ஆள் உடனிருக்கும்போது நடக்க வேண்டும்.

பிறகு மேற்புறத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி, நடுவே தார்ப்பாய் கொடுத்து நீரைத் தடுங்கள். சரிவு இருக்கும் மலை ஓடையில் பம்பைவிடக் குழாய் சிறந்தது: 200 அல்லது 250 மி.மீ. பிளாஸ்டிக் குழாயைத் தடுப்பின் ஊடே செருகி, வேலையிடத்தைத் தாண்டிக் கீழே கொண்டுபோய், விழும் இடத்தில் கற்களைப் பரப்பி நீரை இறக்குங்கள். இரவில் டீசல் தீர்ந்து நின்றுபோகும் கவலை இதில் இல்லை. குழிக்குள் ஊறும் கலங்கிய நீரைத் தனியே இறைத்து, ஓடைக்கு எட்டாத புல்தரையில் பரவவிட வேண்டும். கான்கிரீட் கழுவிய நீர் கடும் காரத்தன்மை உடையது. அது ஒரு வாளி ஓடையில் கலந்தாலும் கீழே உள்ள குட்டையில் மீன் செத்து மிதக்கக்கூடும். கலவை இயந்திரத்தையும் கரண்டியையும் கழுவுவதற்குச் சாலையின் மறுபக்கத்தில் தனிக் குழி வெட்டி, அதைத் தவிர வேறெங்கும் கழுவக் கூடாது என்று கொத்தனார் முதல் சித்தாள் வரை எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தோண்டுதலும் கட்டுதலும்

பொக்லைனோ ஜேசிபியோ காட்டுக்குள் நுழையுமுன் சக்கரத்திலும் வாளியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவ வேண்டும். உண்ணிச்செடி விதை இப்படியும் புதிய இடங்களுக்குப் போகிறது. மேல்மண்ணைத் தனியாகவும், நிரப்பு மண்ணைத் தனியாகவும், பழைய படுகையில் கிடைக்கும் உருட்டுக்கற்களை இன்னொரு குவியலாகவும் வையுங்கள். தோண்டிய மண்ணைச் சரிவில் தள்ளிவிடுவது எளிது, ஆனால் அடுத்த மழையில் அது ஓடைக்கே வந்து சேரும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரித்து வெட்டுங்கள், அல்லது பலகை முட்டுக் கொடுங்கள்.

தாங்குசுவரின் அடித்தளம் பாறையில் அமர்ந்தால், பாறையை வெட்டி உள்ளே பொருத்த வேண்டும். வழுக்கும் பாறையின் மேல் அப்படியே கட்டக் கூடாது. மண்ணில் அமர்ந்தால், வடிவமைப்பில் கணக்கிட்ட அரிப்பு ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். அடிமூடாத பாலங்கள் விழுவதற்கு இந்த ஆழக் குறைவே பெரும்பாலும் காரணமாவதால், செலவைக் குறைக்க வேண்டிய இடம் இதுவல்ல. மேல்தளத்தைப் பொறுத்தவரை, 4.5 மீட்டருக்கு உட்பட்ட தளங்களின் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம், ஆனால் அது வெப்பநிலை 15 பாகைக்குக் குறையாத இடங்களுக்கு. உறைபனி விழும் உதகைச் சனவரியில் அந்தக் கணக்கு பொருந்தாது. சென்ட்ரிங்கை இன்னும் பல நாள் விட்டுவையுங்கள்.

பாலத்தின் அடியில் படுகை

சுவர் எழும்பியதும், மேல்தளம் போடுவதற்கு முன்பே படுகையை அமைத்துவிட்டால் இயந்திரத்தால் கல் இறக்கலாம். தளம் போட்ட பிறகு என்றால் எல்லாக் கல்லையும் ஆள்தான் உருட்ட வேண்டும்.

100 கல் பட்டியலில் கண்ட அளவுகளின்படி கற்களைக் கலந்து, வரைந்து வைத்த மட்டத்துக்கும் சரிவுக்கும் நிரப்புங்கள். பெரிய கற்களைக் குறுக்கு வரிசைகளாக, ஒன்றையொன்று தாங்கும்படி பாதிக்கு மேல் புதைத்து வையுங்கள். பெரிய கல்லை மட்டும் கொட்டிவிட்டால் கோடையில் நீர் கல்லிடுக்கில் இறங்கி மறைந்துபோய், மேலே வறண்ட கல்குவியல்தான் மிஞ்சும். ஆகவே ஒவ்வோர் அடுக்கின் மேலும் மணலும் களிமண் கலந்த சரளையும் தூவி, நீர் பாய்ச்சி இடுக்குகளுக்குள் கழுவி இறக்க வேண்டும். ஊற்றிய நீர் உள்ளே மறையாமல் மேலே ஓடத் தொடங்கும்வரை இதைத் தொடருங்கள். ஒப்பந்தக்காரர்கள் பொறுமை இழக்கும் கட்டம் இதுவே, மேற்பார்வையாளர் நகரக் கூடாத கட்டமும் இதுவே. மெலிந்த நீர் ஓட நடுவில் ஒரு சிறு தாழ்வும், ஓரங்களில் சுவரை ஒட்டி நீருக்கு மேலே நிற்கும் கல்திண்டும் அமையுங்கள். ஆனைமலை, நீலகிரி ஓடைகளில் வாழும் நீர்நாய் போன்றவை சாலையில் ஏறாமல் அதன் வழியே கடக்கும்.

மண் நிரப்புதலும் சாலையும்

சுவர்களின் பின்னால் 15 செ.மீ. அடுக்குகளாக மண்ணிட்டு, இருபுறமும் ஒரே சமமாக ஏற்றி இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் சுவர் நகரும். நீர்க்கசிவு வெளியேறச் சுவரில் துளைகளும் அதன் பின்னால் கல் வடிகட்டியும் தேவை.

சாலையோர வாய்க்கால் நேராக ஓடையில் வந்து விழும்படி விடாதீர்கள், ஏனென்றால் மழைக்காலம் முழுவதும் அது சாலைச் சேற்றை ஓடைக்குள் கொண்டுவந்து கொட்டும். பாலத்துக்குச் சற்று முன்பே ஒரு சிறு குழாய் வைத்து அந்த நீரைக் காட்டுத்தரையில் பரவவிடுங்கள். முதலில் குறித்த திசைமாறும் வாய்ப்பு இருந்தால், பாலத்தின் இறக்கப் பக்கத்தில் சாலையின் குறுக்கே நீண்ட, வண்டி குலுங்காமல் போகக்கூடிய ஒரு தாழ்வை அமைத்து, அதன் கீழ்ச்சரிவில் கல் பதியுங்கள். பாலம் என்றாவது அடைத்துக்கொண்டாலும் நீர் அந்தத் தாழ்வில் கடந்து தன் ஓடைக்கே திரும்பும்.

நீரை விடுதலும் அதன் பிறகும்

தடுப்பை ஒரேயடியாக உடைக்காமல், ஓரிரு மூட்டைகளாக எடுத்து நீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். முதலில் வரும் கலங்கலைக் கீழே உள்ள குழியில் பிடித்துப் புல்தரைக்கு இறைத்து, தெளிந்த பிறகு முழு ஓட்டத்தையும் விடுவித்து, வலைகளைக் கடைசியாக அவிழுங்கள். கலைந்த கரைகளில் சேமித்த மேல்மண்ணைப் பரப்பி, அதே பள்ளத்தாக்கில் கிடைக்கும் புல்லையும் செடிகளையும் நடுங்கள். விரைவாக வளர்கிறதென்று சீகை (வாட்டில்) என்னும் அயல் மரத்தை இறக்கினால் பிறகு அதை அகற்றுவதே ஒரு திட்டமாகிவிடும்.

முதல் பெருமழை நின்றதும் போய்ப் பாருங்கள். சில கற்கள் இடம் மாறியிருக்கும். ஓடை தன் படுகையைச் சீர்படுத்திக்கொள்வது இயல்பு, அதற்காகக் கான்கிரீட் ஊற்றிப் பூச வேண்டாம். சுவரின் அடித்தளம் வெளியே தெரிந்தாலோ, படுகையில் படிபோல ஒரு வீழ்ச்சி உருவாகியிருந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். பருவம் முடிந்ததும் அதே லெவல் கருவியை வைத்து நீள்வாட்டு மட்டத்தை மறுபடி எடுத்து, பழைய தாளின் மேலேயே வேறு நிறத்தில் வரைந்து, இரண்டாம் ஆண்டும் இதைச் செய்து, அந்தத் தாளைச் சரக அலுவலகக் கோப்பில் பாலத்தின் வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள்.